சாம்பல் ஒதுங்கும் சோப்பு

திருவொற்றியூர் பழைய உப்பளத் தெருவில் அடைக்கலமேரி செய்யும் சோப்பைத் தேய்த்துக் குளித்தவர்கள் மேல் சாம்பல் விழாது. தலைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் ஒதுங்கிப் பக்கத்தில் போய் விழும். இதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சந்தேகம். மூன்று இடங்களில் போய்க் கேட்டார்கள், மூன்று இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டினார்கள். இருபது வருடமாகக் காய்ந்த துணியை உதறி மடிப்பதும், மூடாமல் வைத்த சோற்றை மேலாக வழித்துக் கொட்டுவதுமாகப் பழகிப்போன ஜனங்களுக்கு, அதற்காகக் கோபப்படவும் அலுப்பாக இருந்தது.

மேரி சோப்பு செய்யத் தொடங்கியது மகள் சாண்ட்ராவுக்காக. அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே தோல் சரியில்லை. முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் சிவந்து, வெடித்து, நீர் வடியும். கடைச் சோப்பு எதைப் போட்டாலும் கத்துவாள். ஒன்பது வயது வரை முழுக்கைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. வாசனையும் நிறமும் இல்லாத சோப்பாகப் பாருங்கள் என்றார் தோல் டாக்டர். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றது செல்போனில் வந்த வீடியோ. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றினால் முகத்துக்குப் பொங்கும். தோசை மாவுப் பதம் வரும்வரை கிண்டி, அட்டைப் பெட்டியில் ஊற்றி, இறுகியதும் வெட்டி, நாற்பது நாள் காற்றாட வைக்க வேண்டும். நுனிநாக்கால் தொட்டால் சுரீரென்றிருந்தால் இன்னும் காரம் போகவில்லை. இரண்டு வருடம் மேரி இதையே செய்தாள். சோப்பு நன்றாகத்தான் வந்தது. ஆனால் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால் மேலே சாம்பல், தோல் எப்படி ஆறும்?

பிறகு ஒரு சாம்பல் புதனன்று, கோயிலில் பாதர் நெற்றியில் இட்ட சாம்பல் சிலுவையோடு மேரி அடுப்படியில் குனிந்து கலவையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அதைத் துடைக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வியர்வையோடு நெற்றிச் சாம்பல் பாத்திரத்துக்குள் வழிந்துவிட்டது. அத்தனை எண்ணெயையும் கொட்ட மனம் வரவில்லை. ஈஸ்டருக்குச் சோப்பு தயாரானது. அதில் குளித்த நாளிலிருந்து சாண்ட்ரா மேல் சாம்பல் விழவில்லை. பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்தால் அடுத்தவன் உட்காரமாட்டான் இல்லையா, அப்படித்தான் என்று விளக்கம் சொன்னான் மேரியின் கணவன் செல்வநாதன். துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. பாலுக்கு உறை ஊற்றுவது போல அந்தச் சோப்பில் ஒரு துண்டைச் சீவி அடுத்த கலவையில் போட்டாள் மேரி. அதற்கும் அதே குணம் வந்தது. மூன்று மாதத்தில் தோல் ஆறியது. சாண்ட்ராவுக்கு முதல் அரைக்கைச் சட்டை எடுத்த அன்று மேரி கடையிலேயே அழுதுவிட்டாள்.

ஒதுங்கிய சாம்பல் எங்கேயாவது விழத்தானே வேண்டும். பக்கத்து வீட்டு மலர்க்கொடி வீட்டில் இரட்டிப்பாக விழுந்தது. அவள் அள்ளிய முறத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாக்கா, உன் வூட்டுதும் சேத்து என் வூட்டு மேலயே கொட்டிகினு கீது. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

"நான் இன்னா பண்ணட்டும் மலரு, அதுவா வந்து வுழுவுது" என்று மேரி ஒரு சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

மலர்க்கொடிக்குக் கொடுத்தால் அவளுக்கு அடுத்த வீடு சும்மா இருக்குமா? ஒன்றரை வருடத்தில் முப்பத்தெட்டு வீடும் மேரியின் சோப்பில்தான் குளித்தன. விழ இடம் கிடைக்காத சாம்பல் கரண்டுக் கம்பி உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நாளாக ஆகத் தடித்துக் கூரையானது. காக்கைகள் அதன்மேல் நடந்தன. கருவாடு காயவில்லை, பகலில் டியூப்லைட் போட வேண்டியிருந்தது. கூடிப் பேசினார்கள். தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போட்டுப் பழகியவர்களுக்கு முறை வைப்பது பெரிய காரியமில்லை. தினம் ஒரு வீடு சோப்பு போடாமல் உட்கார வேண்டும். அன்றைய சாம்பல் முழுக்க அந்த வீட்டில் இறங்கும். மறுநாள் சாக்கில் அள்ளிக் கட்டிவிட்டு அவர்களும் குளித்துக்கொள்ளலாம்.

முறை வீட்டின் ரேஷன் கார்டில் பெயருள்ள ஒருவர் குறைந்தாலும் சாம்பல் இறங்காது என்பது போகப்போகத் தெரிந்தது. ஒரு வீட்டு மூத்தவர் மாத்தூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் வந்து உட்காரும்வரை மேலேயே நின்றது. அதே வீட்டில் தங்கியிருந்த அவருடைய மச்சான் பென்னியின் பெயர் கார்டில் இல்லை. சோப்பே போடாமல் நடுவீட்டில் படுத்திருந்தும் அவன்மேல் ஒரு பொட்டு விழவில்லை.

சாண்ட்ராவும் முறைக்கு உட்கார்ந்தாள். ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் வெடித்த தோல் ஆற நாற்பது நாள் பிடித்தது. முறை முப்பத்தெட்டு நாளுக்கு ஒருதரம் வந்தது. "பாப்பா கையப் பாத்தா வயிறு எரியுதுக்கா, உங்க நாள வுட்ருவோம்" என்று மலர்க்கொடியே சொன்னாள். விட்டுப் பார்த்தார்கள். கூரை மூன்று அடி இறங்கி, மாடி வீட்டுக்காரர்கள் குனிந்து நடக்கும்படி ஆயிற்று. அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முழுக்கைச் சட்டைகள் மறுபடி வெளியே வந்தன. ஐந்து முறை முடிந்தது. ஆறாவதற்கு முந்தின வாரம் மேரி கார்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கார்டு ஆபீசுக்குப் போனாள்.

"பேர் நீக்கமா? இறப்பா, கல்யாணமா, இடம் மாறிட்டாங்களா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

"மூணும் இல்ல சார். பொண்ணு வூட்லதான் கீது."

"அப்படி ஒரு காரணம் இதுல இல்லம்மா."

மேரிக்கு வாதாடத் தெம்பில்லை. "எதுனா ஒண்ணு போட்டுக்குங்க சார். சாவு மட்டும் வாணாம்."

அவர் இடமாற்றம் என்று போட்டார். எந்த முகவரிக்கு என்ற கட்டத்தில் மேரி அதே முகவரியை எழுதினாள். பெற்ற பெண்ணின் பெயரை அடித்துவிட்டு வந்தவள் கார்டைத் துணிகளுக்கு அடியில் செருகி வைத்தாள்.

முறை நாளில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மேரி மேலும் செல்வநாதன் மேலும் பொழுது சாயும்வரை விழுந்தது. நடுவில் உட்கார்ந்து சாண்ட்ரா வீட்டுப்பாடம் எழுதினாள், நோட்டில்கூட விழவில்லை. அதைப் பார்த்துவிட்டு மலர்க்கொடி தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எடுத்தாள். பிறகு எதிர்வீடு, அதற்கு அடுத்த வீடு. ஒரு வருடத்தில் அந்தத் தெருவில் எந்தக் கார்டிலும் குழந்தை இல்லை. வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசி குறைந்தது.

போன மாதம், இத்தனை பெயர் நீக்கம் ஏன் என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை. தெருவை அடைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளை விலக்கிவிட்டு முப்பத்தெட்டு வீடும் ஏறி இறங்கினார். எல்லாக் கார்டும் சரியாக இருந்தன. கடைசியில் மேரி வீட்டு வாசலில் நின்று, 'தெருவில் குழந்தைகள் இல்லை' என்று எழுதும்போது பேனா கைநழுவி விழுந்தது. அரைக்கைச் சட்டை போட்டிருந்த சாண்ட்ரா அதை எடுத்துக் கொடுத்தாள். "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு, அவர் அடியில் கையெழுத்துப் போட்டார்.