டயல் மாற்றாத போன்

திண்டிவனத்தில் என் கடைக்குப் பழைய சுழல் டயல் போன்களைக் கொண்டுவருவார்கள். நான் பிரித்து, உள்ளே பொறித்திருக்கும் வருடங்களைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். எல்லாப் பாகமும் ஒரே வருடம் என்றால், சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள்.

நேற்று என் அண்ணன் பாக்கியராஜ், அப்பாவின் போனைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊரான காணையிலிருந்து வந்தான்.

“ஒரிஜினல்னு எழுதிக் குடு மேரி. ஒரு ஸ்க்ரூ கூட மாத்தல.”

“டயலு?”

“அதுவுந்தான். ஒரு நாள் கூட மக்கர் பண்ணதில்ல. மாதா மேல சத்தியம்.”

பிரித்தேன். அடிப்பலகை, ரிசீவர், டயல், மூன்றிலும் 1978.

1993இல் அப்பா செத்தபோது நான் இதே கடையில் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு, அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்தான் சேதி வந்தது. நான் இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கொண்டதில் அண்ணனுக்குக் கோபம். ஆனாலும், “அன்னிக்கு நம்ம வீட்டு போன் டயல் ஒடைஞ்சி கெடந்துச்சி மேரி, அப்பறந்தான் புதுசு மாத்துனாங்க” என்று அவன் அழுததை நம்பினேன். முப்பது வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் வீட்டுக்குப் பலகாரம் சுமந்தேன்.

சீட்டை எழுதி நீட்டினேன். “சத்தமா படிண்ணே.”

“எல்லாப் பாகமும் 1978. டயல் மாற்றப்படவில்லை” என்று படித்தான். அடுத்த வரியைப் பார்த்ததும் சீட்டை மடித்தான்.

நானே சொன்னேன். “அப்பா செத்த அன்னிக்கும் இந்த போன் நல்லாதான் வேலை செஞ்சிது.”