எட்டு போர்ட் பெட்டி

லிங்கராஜபுரத்தில் இன்டர்நெட் கேபிள் வேலை பார்க்கும் சிரிலுக்கு ஞாயிறு எட்டு மணிப் பூசை என்றால் உயிர். அவன் போகமாட்டான், தெரு மொத்தமும் போய்விடும், அதுதான் விசேஷம். ஆளில்லாத வீட்டின் லைனைப் பிடுங்கினால் யார் கேட்கப் போகிறார்கள்?

கம்பத்தில் தொங்கிய கறுப்புப் பெட்டிக்குள் ஒரே கண்ணாடி இழை வந்து எட்டு போர்ட்டாகப் பிரிந்தது. எட்டிலும் வீடுகள். அந்த ஞாயிறு காலை ஒன்பதாவதாக வந்து நின்றான், ஜிம் திறக்கும் ஷ்ரேயாஸ்.

"ஏன் குரு, நீ நாளைக்கு நாளைக்குன்னு சொல்றதுல என் ஜிம்முக்கே தொப்பை போட்டுடும். பத்து மணிக்கு ஓப்பனிங்!"

சிரில் கணக்காக யோசித்தான். இன்றைக்கு ஒரு வீட்டைக் கழற்றி ஜிம்முக்குக் கொடுப்பது. நாளை பக்கத்துத் தெருப் பெட்டியிலிருந்து அந்த வீட்டுக்கு இழுப்பது. கேட்டால், ரோடு தோண்டுறாங்க என்றால் போச்சு. பெங்களூரில் அதை நம்பாதவர் உண்டா?

ஏணியில் ஏறி, பிரிஜெட் ஆன்ட்டியின் ஒயரைப் பிடுங்கினான். முப்பது வருஷமாக எட்டு மணிப் பூசையில் முதல் பெஞ்சு அவர்.

ஜிம் ஒயரைச் சொருகிய கையை எடுக்கவில்லை, எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. செருப்புகூட இல்லாமல், போனைத் தூக்கிப் பிடித்தபடி பிரிஜெட் ஓடிவந்தார்.

"சிரில்! நல்லவேளை, நீயே இருக்கே. நெட்டு போச்சுப்பா! மெல்போர்ன்ல என் தங்கச்சி ஐரின்... தொண்டையில குழாய் வைக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி பேசுன்னு நர்ஸம்மா பத்து நிமிஷம் குடுத்தாங்க. இங்க டவரே நிக்கமாட்டேங்குதே!"

சிரில் ஜிம் ஒயரை உருவினான். முனையில் தூசி இருந்தால் வெளிச்சம் போகாது. துடைத்தான், மறுபடி துடைத்தான், சொருகினான்.

"வந்துடுச்சு, போங்க ஆன்ட்டி!"

"மோடத்தை ஆஃப் பண்ணி இப்பதான் மறுபடி ஆன் பண்ணியிருக்கேன்பா, நீ சொல்லிக்குடுத்த மாதிரியே."

சிரில் இறங்கி அவர் பின்னாலேயே வீட்டுக்குள் ஓடினான். மோடத்தில் பச்சை விளக்கு நிலைக்க மூன்று நிமிஷம். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடியோ கால் மறுபடி கிடைத்தபோது திரையில் ஐரினின் கண்கள் மூடியிருந்தன. வாயில் குழாய்.

"'அக்கா, ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பிச்சா," என்றார் பிரிஜெட். "அதோட கட்டாயிடுச்சு."

புதன்கிழமை ஐரின் போய்விட்டாள். ஜெபத்துக்கு வந்தவர்கள் கலைந்தபிறகு சிரில் வாசற்படியில் நின்றான்.

"ஆன்ட்டி, அன்னிக்கு லைனைப் பிடுங்கினது நான்தான். நீங்க பூசைக்குப் போயிருப்பீங்கன்னு..."

பிரிஜெட் அவனைப் பார்த்தார்.

"எட்டு வீடு இருக்குதே. என்னோடதை ஏன்பா?"

சிரிலின் நாக்குக்குப் பொய் பழக்கம்தான். அன்றைக்கு வரவில்லை.

"நீங்க திட்டமாட்டீங்கன்னு, ஆன்ட்டி."

அவர் திட்டவில்லை. "மத்த ஏழு வீட்லயும் அன்னிக்கு யாருமே இல்லையேப்பா," என்றார், ஏதோ அவனுக்கு வழி சொல்வதுபோல. பிறகு முந்தானையில் முகம் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதார். உள்ளே போகவும் துணிவில்லாமல், திரும்பிப் போகவும் மனமில்லாமல், சிரில் அங்கேயே நின்றான்.