ஊமைச் செருப்பு

ஏணிப்படியில் பாதம் சிக்கி, உடம்பு ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமுமாகத் திரும்பி நான் விழுந்தபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இடது முட்டியில் இரண்டு ஜவ்வு அறுந்துவிட்டன. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கட்டினார்கள். ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற நான் ஆறு வாரம் என் வீட்டு மேல்தளத்தைப் பார்த்தபடி கிடந்தேன். மூலையெல்லாம் திட்டுத் திட்டு. எந்த மடையன் அடித்தான் என்று திட்டிய பிறகுதான் நினைவு வந்தது, அடித்தவன் நானேதான். மாத்திரை மயக்கத்தில் அந்தத் திட்டுகள் மெல்ல நகரும். ஏணியே இல்லாமல் மிதந்துபோய் அவற்றைப் பூசிக்கொண்டிருப்பேன்.

நான் வாக்கர் பிடித்து எழுந்த வாரம்தான் சுண்டெலியும் எழுந்து நின்றாள். மகளை அப்படித்தான் கூப்பிடுவோம். கூடத்தில் நான் முன்னால், அவள் பின்னால். மிதித்தால் கீச்சென்று கத்தும் செருப்பு வாங்கிக் கொடுத்தோம்.

ஆபரேஷன் முடிந்த பதினோராம் மாதம் பிசியோதெரபி அம்மா என்னை ஒற்றைக் காலில் தாவச் சொல்லி அளந்து பார்த்தார். "இடதும் வலதும் கிட்டத்தட்ட சமம் சார். இனிமே முட்டிய மடக்கி நல்லா நடங்க" என்றார். பெரிதாகத் தலையாட்டினேன். வாசல் தாண்டியதும் பழையபடி காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, அரைவட்டம் போட்டு இழுத்தேன். அறுந்தபோது கேட்ட 'டப்' சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மதியம் அரைத்தூக்கத்தில், எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. கீச்... சர்ர். கீச்... சர்ர். சுண்டெலியின் இடது செருப்பு ஊமை! கடைக்காரரிடம் போய் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வேறு ஜோடி வாங்கிவந்தேன். பார்த்தால், அதுவும் ஊமை.

மனைவி உட்கார்ந்து குழந்தையின் நடையையே பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"என்னங்க, செருப்பு இல்லீங்க. இவ கால இழுக்கறா."

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார். "அப்புறம் ஏன் சார் இழுக்கறா?" என்று கத்தியேவிட்டேன். பிசியோதெரபி அம்மாவிடம் காட்டச் சொன்னார்.

நீண்ட தாழ்வாரத்தில் நானும், என் பின்னால் சுண்டெலியும் வருவதை அந்த அம்மா தன் அறை வாசலில் நின்று பார்த்தார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், இவளுக்கு நடக்கக் கத்துக்கொடுத்தது யாரு?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"நடக்கறதுன்னாலே இப்படித்தான்னு நெனச்சிட்டிருக்கா பாவம்" என்றார் அந்த அம்மா. "அந்தக் கோடி வரைக்கும் போங்க சார். ஒழுங்கா."

இடது முட்டியை மடக்கித் தூக்கினேன். நெஞ்சு திக்திக்கென்றது. குதிகால் தரையில் பதிந்தது. ஒன்றும் அறுபடவில்லை. இன்னொரு அடி வைத்தேன். பின்னால் கீச்... சர்ர்.

அன்றைக்கு மாறவில்லை. மறுநாளும் மாறவில்லை. காலையும் மாலையும் கூடத்தில் மடக்கி மடக்கி நடந்தேன். மூன்றாவது வாரம், ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதந்துகொண்டிருந்த ஒரு காலையில், பின்னால் கேட்டது.

கீச். கீச்.

அப்படியே நின்றுவிட்டேன். கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, நட" என்று அதட்டினாள் சுண்டெலி.