தண்ணீரில் முக்கிய கொக்கி

மகன் செத்து எட்டு மாதம் ஆகியும் சௌக்கத் அலி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ராயபுரத்தில் ஆளுக்கொரு பேச்சு. கல்நெஞ்சுக்காரன் என்றார் ஒருத்தர். அதிர்ச்சியில் அப்படித்தான் ஆகும், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார் இன்னொருத்தர். ஊர் வாய்க்கு வேறென்ன வேலை? அவர் பாட்டுக்குக் காலையில் பட்டறையைத் திறந்தார். காசிமேட்டு விசைப்படகுகளில் வலை இழுக்கும் வின்ச்சுகளைக் கழற்றிப் பல்சக்கரம் மாற்றினார். மத்தியானம் சாப்பிட்டார். குழம்பில் உப்பு இருந்தாலும் அவருக்குத் தெரியவில்லை, இல்லாவிட்டாலும் தெரியவில்லை. ஒருநாள் வெல்டிங் பொறி கால்விரல் இடுக்கில் விழுந்தது. தோல் கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்பது அவருடைய கணக்கு. அதற்குக் காரணம் அவருடைய டூல்ஸ் பையின் அடியில், ஒரு பழைய துணியில் சுற்றிக் கிடந்தது.

ஃபர்ஹான் வேலை பார்த்தது திருவொற்றியூரில், தவசிமுத்து அண்ணாச்சியின் மரவாடியில். கப்பலில் வந்து இறங்கும் பெரிய பெரிய தடிகளைச் சங்கிலி போட்டு டிராக்டரால் இழுத்து, சரிவில் ஏற்றி, அறுக்கும் மிஷினுக்குக் கொண்டுபோவார்கள். தடியில் கொக்கி மாட்டுவது ஃபர்ஹான். டிராக்டர் ஓட்டுவது அவனுடைய தோஸ்து ஜோபின். அன்றைக்குப் பாதிச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த தடி கழன்று உருண்டது. கீழே ஃபர்ஹான் நின்றிருந்தான்.

ஜோபின் கிளட்ச்சைப் படக்கென்று விட்டுவிட்டான், வண்டி குலுங்கியதில் கொக்கி கழன்றது என்று வாடி முழுக்க முடிவு கட்டிவிட்டார்கள். ஜோபினும் இல்லை என்று சொல்லவில்லை. கண்ணெதிரே தோஸ்து போனவன், யார் என்ன சொன்னாலும் நம்பத்தான் செய்வான்.

கொக்கி கழலவில்லை. உடைந்தது. ஆளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வாடிக்கு ஓடி வந்த சௌக்கத் அலி, சங்கிலியில் தொங்கிய துண்டையும் மரத்தூளுக்குள் கிடந்த துண்டையும் எடுத்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை செய்துவிட்டது.

முந்தின வாரம் அவரே செய்து கொடுத்த கொக்கி அது. லாரி ஸ்பிரிங் பட்டையை வளைத்து, மேலே ஒரு வளையம் வைத்து வெல்டிங்கில் ஒட்டினார். ஸ்பிரிங் இரும்பில் ஒட்டுப் போட்டால் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். "அத்தா, ஜல்தி. அண்ணாச்சி கத்துவாரு" என்று மகன் வாசலில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். சௌக்கத் அலி சிவக்கச் சிவக்க இருந்த கொக்கியைப் பக்கெட் தண்ணீரில் முக்கினார். சுர்ரென்றது. அப்படி ஆற்றிய ஒட்டு பார்க்க ஜோராக இருக்கும், ஒருநாள் கண்ணாடி மாதிரி உடைந்து போய்விடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. முப்பத்தைந்து வருடம் கை பழகிய மனுஷர் முக்கினார். பெற்ற பிள்ளை அவசரப்பட்டால் அறிவு அப்படித்தான் வேலை செய்யும்.

பிணவறை வாசலில் அவருடைய மனைவி ஷரீஃபுன்னிசா ஜோபினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "எம்புள்ளய எங்கிட்டேர்ந்து புடுங்கிட்டியேடா! ஒம்புள்ளய நீ கையில ஏந்த மாட்டே, பாத்துக்கோ!" என்று கத்தினாள். ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த ஜோபினின் மனைவி ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சௌக்கத் அலி பக்கத்தில்தான் நின்றார். கொக்கி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாள் போகப் போக நினைப்பதும் நின்றுபோயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணாச்சி பட்டறைக்கு வந்தார்.

"பாய், உங்ககிட்ட கேக்கக் கூடாது, ஆனாலும் கேக்கேன்" என்று ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். "ஓடுத வண்டியில இனி தடி இழுக்க எனக்குத் தைரியமில்ல. டிராக்டரு ஒரு இடத்துல நிக்கணும். வின்ச்சு இழுக்கணும். ஆளு தூரத்துல நிக்கணும். படகுக்குச் செய்யுதீங்களே, அந்த மாதிரி ஒண்ணு டிராக்டருக்குப் பின்னால வச்சுத் தர முடியுமா?"

"செஞ்சி தரேன்" என்றார் சௌக்கத் அலி.

பெற்ற மகனைக் கொன்ற வாடிக்கே போய் வேலை செய்கிறாரே என்று தெருவே வாயில் கையை வைத்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணலியில் கழித்துப் போட்ட டேங்கர் லாரியின் டிஃபரன்ஷியலை, அதாவது பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியை, வாங்கி வந்தார். ஒரு பக்கத்து அச்சை அசையாமல் பூட்டினார். மறுபக்கத்தில், உடைத்துப் போட்ட விசைப்படகு ஒன்றின் ரோப்பு சுற்றும் டிரம்மைப் பொருத்தினார். டிராக்டருக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்ட்டை அதோடு இணைத்தார். லாரியின் பிரேக் அப்படியே இருந்தது, இழுத்த தடியைப் பிடித்து நிறுத்த அது போதும். கடைசியாக ரோப்பு ஓடுவதற்கு ஒரு கப்பி. பதினோரு நாளில் சாமான் தயார்.

கொக்கியை மட்டும் அவர் செய்யவில்லை. கடையில் வாங்கினார்.

"இதையும் நீங்களே செஞ்சிருக்கலாமே பாய்?" என்றார் அண்ணாச்சி.

"கடையிலியே நல்லாக் கீது" என்றார் சௌக்கத் அலி.

பன்னிரண்டாம் நாள் காலை ஓட்டிப் பார்த்தார்கள். வாடியின் புது டிரைவர் தென்காசிப் பக்கம் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தான். அந்தக் கிழட்டு டிராக்டரின் கிளட்ச்சு அவனுக்கு அடுத்தபடியாக ஒரே ஒருத்தன் சொன்னதைத்தான் கேட்கும். எட்டு மாதமாக ஓரத்தில் மரத்தூள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜோபினை அண்ணாச்சி கூப்பிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டே வந்து ஏறினான். முன்பெல்லாம் ஃபர்ஹானைப் போலவே இவரை "அத்தா" என்பவன், இப்போது "பாய், ரெடியா?" என்றான்.

பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தார்கள். நாற்பதடி தள்ளிக் கிடந்த தடியில் சுமைக்காரர் சுடலைராஜ் கொக்கியை மாட்டிவிட்டு ஓடி வந்தார். சௌக்கத் அலி டிராக்டரின் பக்கவாட்டில் நின்று ஜோபினின் பாதத்தையே பார்த்தார். அது கிளட்ச்சைப் பூப்போல, பதமாக விட்டது. ரோப்பு இறுகியது. தடி அசையவில்லை. டிராக்டரின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. ஜோபின் கிளட்ச்சை மிதித்தான், வண்டி தடாலென்று கீழே விழுந்தது.

"டேய், மறுபடியும் ஒன் வேலயக் காட்டுதியா?" என்று சுடலைராஜ் பாய்ந்தார். "ஒருத்தன் உசுரு போனது பத்தாதாலே?"

ஜோபின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "என் தப்புதான்" என்றான். "நான்தான் கிளட்ச்ச பட்டுனு வுட்டுட்டேன். பாய், மன்னிச்சிக்கோங்க."

அவன் விடவில்லை. சௌக்கத் அலி இரண்டு கண்ணாலும் பார்த்தார். தப்பு எங்கே என்று வண்டி விழுந்த அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. படகில் கப்பி உயரத்தில்தான் இருக்கும். அதே பழக்கத்தில் இங்கேயும் நெஞ்சு உயரத்தில் வைத்துவிட்டார். டிராக்டருக்கு அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியே மல்லாந்துவிடும். இந்தப் பையன் எந்தப் பழியை நீட்டினாலும் வாங்கி மடியில் கட்டிக்கொள்வான் போலிருக்கிறதே என்று நினைத்தார்.

"அவன் மேல தப்பு இல்ல" என்றார். "கப்பிய மேல வெச்சிட்டேன். படகு புத்தி. தப்பு என்னுது."

"தப்ப ஒத்துக்கிடுததுக்கு ஒரு மனசு வேணும் பாய்" என்றார் அண்ணாச்சி. பாவம், அவர் நல்லதாகத்தான் சொன்னார்.

கப்பியை வெட்டி எடுத்து, முழங்காலுக்குக் கீழே இறக்கி வைத்து ஒட்டினார். வெயில் ஏறிவிட்டது. ஒட்டு இன்னும் சிவந்திருக்கும்போதே சுடலைராஜ் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்தார். "ஊத்திரட்டா பாய்? சட்டுனு ஆறிரும்லா."

"தண்ணி ஊத்தாதே!" என்று சௌக்கத் அலி அலறினார். எட்டு மாதத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. சுடலைராஜ் மிரண்டுபோய்ப் பாதித் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார்.

கல்நார் துணியைப் போட்டு ஒட்டை மூடினார். ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்றார். எல்லாரும் டீக்குப் போனார்கள். ஜோபின் போகவில்லை. அவனோடு யாரும் டீ குடிப்பதில்லை. டிராக்டர் நிழலில் குந்தியிருந்தான்.

சௌக்கத் அலி அவன் பக்கத்தில் போய்க் குந்தினார். டூல்ஸ் பையின் அடியில் கையை விட்டுத் துணியை எடுத்து, அவிழ்த்து, இரண்டு துண்டையும் அவன் முன்னால் தரையில் வைத்தார்.

"இன்னா பாய் இது?"

"அன்னிக்கி மாட்டின கொக்கி. கழலல. ஒடஞ்சிது. நான் போட்ட ஒட்டு. ஜல்தினு தண்ணியில முக்கிட்டேன். நீ ஒண்ணியும் பண்ணல."

ஜோபின் துண்டுகளை எடுத்தான். ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

அவன் அடிப்பான் என்று சௌக்கத் அலி எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்பொண்ணுக்கு ஆறு மாசம் ஆவுது" என்றான். "இன்னும் நான் தூக்கல. ஜெனி நீட்டுவா. நான் கைய பின்னால கட்டிகினு நிப்பேன். தொட்டா அதுக்கு எதுனா ஆயிடும்னு பயம். அம்மா வுட்ட சாபம் இல்ல அது?"



"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று அவனே கேட்டான்.

"தெரியாது."

"சொல்லுங்க" என்று துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?"

டீ குடித்துவிட்டு ஆட்கள் திரும்பினார்கள். சௌக்கத் அலி உடைந்த கொக்கியை அண்ணாச்சியின் மேசையில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி திரும்பவும் சொன்னார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டவில்லை. சுடலைராஜ் ஜோபினைப் பார்க்க முடியாமல் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், வேறென்ன, வேலை நடந்தது. ஜோபின் ஏறி உட்கார்ந்தான். தடி நாற்பதடியும் சாதுவாக வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. முன்சக்கரம் தரையை விட்டு ஒரு நூல்கூட எழவில்லை. யாரும் கைதட்டவில்லை. சௌக்கத் அலிக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டில் ஷரீஃபுன்னிசா அடுப்படியில் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எதிரே குந்தி, கொக்கியைத் திரும்பச் சுற்றி எடுத்து வந்த துணியை விரித்து, வாடியில் சொன்ன அதே நாலு வார்த்தையைச் சொன்னார்.

அவள் கை நின்றது. ஈரக்கையாலேயே கொக்கியைத் தொட்டாள்.

"எங்க வெச்சிருந்தீங்க இத்த?"

"டூல்ஸ் பையில."

"எட்டு மாசமா?"

"எட்டு மாசமா."

"ஒவ்வொரு தொழுகையிலயும் அந்தப் புள்ளய நாசமாப் போவணும்னு கேட்டுகினு இருந்தேனே" என்றாள். குரல் ஏறவே இல்லை. "வாய்வுட்டுத்தான கேட்டேன். நீங்க பக்கத்துலதான குந்திகினு இருந்தீங்க."

அவர், ஜோபின் குழந்தையைத் தொடாமல் இருப்பதை மட்டும் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் பாவமாகியிருக்கும்.

அவள் எழுந்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள், மீன் வாடை போகவில்லை, இன்னொரு தடவை கழுவினாள். ஆணியில் தொங்கிய புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க போறே?"

"அவன் வூட்டுக்கு. அந்தக் கொழந்தய நான் எங்கையால எடுத்து அவன் கையில குடுக்கணும்."

"இரு, நானும் வரேன்."

"நீங்க வர வேணாம்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. கீழே ஆட்டோக்காரனிடம் அவள் பேசுவது கேட்டது. "திருவொத்தியூர் போவணும்பா. ஜல்தி."

சௌக்கத் அலி அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்து, மிச்ச மீனை ஆய ஆரம்பித்தார். மூன்றாவது மீனிலோ நாலாவதிலோ முள் ஒன்று கட்டைவிரல் நகத்துக்கடியில் ஏறியது. அவர் கையை உதறினார். விண்ணென்று வலித்தது, வலித்துக்கொண்டே இருந்தது.