வெற்றிருக்கைக்கு எடுத்த விழா

மேற்கே மலைத்தொடரின் மேல் முகில்கள் படுத்துறங்க, அதனடியில் பழைய நூலாலைகளின் உயர்ந்த புகைபோக்கிகள் புகைப்பதை மறந்து நெடுங்காலமாய் நிற்க, கல்லால் எழுப்பிய சிறு வீடுகள் தோளோடு தோள் உரசிச் சரிவில் இறங்கிவந்து கால்வாயைக் கண்டதும் நின்றுவிட, அக்கால்வாயின் வளைவில் பச்சைப் பாயை விரித்தாற்போலக் கிடந்தது ஸ்கெல்பி நகரக் கால்பந்துக் கழகத்தின் ஆடுகளம். வேனில் தொடங்கும் பருவத்து நண்பகல் அது. எனினும் இங்கிலாந்தின் வடபுலத்தில் வேனில் என்பது நாட்காட்டியில் காணப்படுவதேயன்றி உடலால் உணரப்படுவதன்று. ஆதலின் தூறல் தன் கடமை தவறாது தூறிக்கொண்டிருந்தது. பச்சையும் வெள்ளையும் கலந்த கழுத்துத்துண்டுகளை அணிந்த ஆடவரும் பெண்டிரும், தெருத்தோறும் இல்லந்தோறும் புறப்பட்டு, வழியில் கண்டாரை வழக்கம்போல் ஏளனம் செய்து மகிழ்ந்து, களத்தை நோக்கி நடந்தனர். ஆண்டின் இறுதி ஆட்டம் அன்று. வென்றால் கழகம் இருக்கும் பிரிவில் நிலைக்கும். வெல்லாவிடின் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். ஆயினும், நூல்நயம் தேர்வீர், அம்மக்களின் நெஞ்சை அன்று அரித்துக்கொண்டிருந்தது அஃது ஒன்று மட்டுமன்று. கழகத்தின் தலைவர் ஆர்னல்ட் ஹெப்டன் அன்றோடு பொறுப்பைத் துறந்து, கனடா நாட்டில் வாழும் தம் மகளோடு வைகக் கடல் கடந்து செல்லவிருந்தார். அவருக்கு அவர்கள் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று நெடுநாளாய்ச் சொல்லப்படாமலே இருந்தது.

ஹெப்டன் கம்பள வணிகர். குறுகிய உருவமும் சாம்பல்நிறத் தொப்பியும், எவரேனும் புகழத் தொடங்கினால் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும் இயல்பும் உடையவர். அவர் தலைமை ஏற்ற சில ஆண்டுகளில், ஊரே தன் பிள்ளையெனக் கொண்டாடிய டாமி ராத்பர்ன் என்னும் முன்கள வீரனைக் குளிர்காலத்தின் நடுவில் பெருநகரக் கழகம் ஒன்றுக்கு விற்றுவிட்டார். ஊர் கொதித்தது. எம் களத்தில் பார்வையாளர் மேடை ஒன்றே உண்டு. ஏனை மூன்று புறமும் ஆலைச்சுவரும் கால்வாயும் அடைத்துக்கொண்டன. மேடையின் படிகளில் மக்கள் நிற்பர். அதன் உச்சியில், அவர்தம் முதுகுக்குப் பின்னே, கழகத்தாரின் இருக்கைகள் இருக்கும். அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வோர் ஆட்டத்திலும் பின்பாதி தொடங்கிச் சற்று நேரம் சென்றதும் முரசு மும்முறை முழங்கும். உடனே மேடை முழுதும் ஆட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பி, தலைவரின் முகத்தை அண்ணாந்து நோக்கி, கைகளை மெல்ல மெல்லத் தட்டி, அவர் ஊரைவிட்டே ஓட வேண்டும் என்னும் பொருள்பட ஒரு வசைப்பாட்டைப் பாடும். தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அவர் அசையாமல் கேட்டிருப்பார். அந்த முரசை அறைந்தவளும் பாட்டைக் கட்டியவளும் பேருந்து ஓட்டும் மார்ஜரி கிளெக் என்பவளே.

அடுத்த ஆண்டு உண்மை வெளிப்பட்டது. மேடையின் கூரையும் படிகளும் உளுத்துப்போயின, செப்பனிடுக அன்றேல் மூடுக என்று ஊராட்சியினர் தலைவரிடம் கூறியிருந்தனர். வீரனை விற்ற பொருளால் அவர் மேடையைப் புதுப்பித்தார். இதனை முன்னமே உரைத்திருக்கலாமே எனில், பிள்ளையை விற்றவன் சொல்லும் காரணம் எதுவாயினும் சாக்குப்போக்காகவே ஒலிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். மழை ஒழுகாத புதுக்கூரையின் கீழ் நின்ற எம்மூரார்க்கு நாணமாகத்தான் இருந்தது. பாட்டு நின்றது. ஆனால் பாடிய வாயால் பணிந்து ஒரு சொல் சொல்ல எவருக்கும் நா எழவில்லை. இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்றிருக்க ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. எதிரியை ஏசுவதற்கு எம்மவர்க்கு ஆயிரம் பாட்டுண்டு; வேண்டியவரை வாழ்த்துவதற்கோ பாதிப் பாட்டும் இல்லை.

தலைவர் செல்லவிருக்கும் செய்தி வந்ததும், கால்வாய்க் கரை அருந்தகத்தில் கூடிய அன்பர் குழாம் அவரை எவ்வாறு சிறப்பிப்பது என்று சொற்போர் நிகழ்த்தியது. கடிகாரம் ஒன்று வழங்கலாம் என்றார் ஒருவர்; கனடாவிலும் கடிகாரம் விற்பார்கள் என்று மறுத்தார் மற்றொருவர். மேடைக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்றபோது, பெயர்ப்பலகையைக் கண்டால் அவரே இரவோடிரவாகப் பெயர்த்துவிடுவார் என்று நகைத்தனர். ஒரு மணித்துளி நேரம் அனைவரும் கைதட்டுவோம் என்று ஒரு பெண்மணி கூற, களத்தில் இறைச்சி அடை விற்கும் பெர்சி நட்டால், நாவில் மிளகு அரைத்துப் பூசியவன், குறுக்கிட்டான்.

"அது செத்தவங்களுக்குத் தட்டுறதும்மா. மனுஷன் கனடாதான போறாரு, கல்லறைக்கா போறாரு?"

அப்பொழுது மார்ஜரி வாய் திறந்தாள். எந்த முரசால் அவரைப் புண்படுத்தினோமோ அந்த முரசாலேயே அப்புண்ணை ஆற்ற வேண்டும் என்பது அவள் கொள்கை. அன்று எந்த நேரத்தில் திரும்பினோமோ அதே நேரத்தில் மீண்டும் திரும்புவோம். வசைக்கு மாறாகக் கழுத்துத்துண்டுகளைத் தலைக்குமேல் உயர்த்தி, அதே மெட்டில் நன்றி பாடுவோம். பழைய கணக்கு அத்தோடு தீரும் என்றாள். வழக்கத்துக்கு மாறாக எவரும் கேலி செய்யவில்லை. பெர்சி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, இதைத் தலைவர் காதில் முன்கூட்டியே போட்டுவைத்தால் நல்லதன்றோ என்று ஐயுற்றான்.

"சொன்னா வருவாருங்கிற? காய்ச்சல்னு சொல்லிப் போர்வைய இழுத்து மூடிப் படுத்துக்குவாரு," என்றாள் மார்ஜரி.

எல்லாரும் சிரித்தனர், சொல்வதில்லை என்று முடிவாயிற்று. முகத்துக்கு நேரே அன்பைச் சொல்லக் கூசுகின்ற மக்கள், அவ்வன்பைத் திடீரெனத் தலைமேல் கொட்டித் திகைக்கவைப்பதே பெருமை என்று எண்ணிக்கொள்வர். அவ்விரவு அவ்வாறே எண்ணி மகிழ்ந்து வீடு திரும்பினர்.

ஆட்டம் தொடங்கிற்று. இரு பக்கமும் இலக்கெய்தாமல் முதற்பாதி கழிந்தது. தலைவர் தம் வழக்கமான இருக்கையில் தொப்பியோடு அமர்ந்து, அருகில் இருந்தவரிடம் மழையைப் பற்றி ஏதோ கூறிக்கொண்டிருந்ததை மார்ஜரி இருமுறை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். பின்பாதி தொடங்கிச் சற்றுநேரம் சென்றது. அவள் முரசுக்கோல்களை உயர்த்தினாள். முரசு மும்முறை முழங்கியது. மேடை முழுதும் ஒருவர் தப்பாமல் ஆட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பியது.

அம்முழக்கம் கேட்ட ஹெப்டனின் முகம் வெளிறியது. தமக்குக் கீழே படிப்படியாய்த் தம்மை நோக்கித் திரும்பும் முகங்களைக் கண்டார். முன்னர்க் கண்ட காட்சி அது. அன்று உட்கார்ந்து கேட்டவர் இன்று எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பற்றுமுன் பின்படிக்கட்டில் இறங்கி மறைந்தார். திரும்பி முடித்து, துண்டுகளை உயர்த்தி, ஓர் ஊரே தொண்டை திறந்து நன்றி பாடியபோது, உச்சியில் இருந்தது ஒரு வெற்று நாற்காலி. எங்கோ சென்றவர் இதோ வந்துவிடுவார் என்று எண்ணி மக்கள் பாட்டை நிறுத்தாமல் பாடினர். மார்ஜரி ஒருத்திக்கே நேர்ந்தது விளங்கிற்று. கோல்களைப் பெர்சியின் கையில் திணித்துவிட்டு, பருத்த உடலைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து ஓடினாள்.

மேடையின் வடமுனையில், புல் சமன்செய்யும் உருளையை நிறுத்திவைக்கும் கொட்டகைக்கும் ஆலைச்சுவருக்கும் இடையே ஒரு சிறு வாயில் உண்டு. அங்கு நின்றால் களத்தில் வடபுறத்து வலை மட்டும் ஓர் இடுக்கின் வழியே தெரியும். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவ்விடத்தில் நின்றிருந்தார் ஹெப்டன். கூரையில் மோதி வந்த பாட்டு அவ்விடத்தை எட்டுகையில் பொருளற்ற இரைச்சலாகவே இருந்தது. மூச்சு வாங்க வந்து, களத்துக்கு முதுகு காட்டி, அவர்முன் நின்றாள் மார்ஜரி.

"முரசை விட்டுட்டு வந்துட்டியேம்மா, தாளம் தப்பிடப் போகுது," என்றார் அவர்.

"ஏன் தலைவரே எந்திரிச்சு வந்தீங்க?"

"எனக்குத் தெரியாத முரசா அது? திரும்புனீங்க. சரி, போறவன கடைசியா ஒரு வாட்டி பாடி வழியனுப்புறாங்க, அதுவும் நியாயந்தான்னு நெனச்சேன். உக்காந்து கேக்கத்தான் இந்த வயசுல தெம்பில்ல."

மார்ஜரியின் கண்கள் நிறைந்து வழிந்தன. நாற்பது பேரைச் சுமந்த பேருந்தைப் பனிவழுக்கலில் நிறுத்தியவள், இப்பொழுது சொற்களை நிறுத்தத் தடுமாறினாள்.

"திட்டு இல்ல தலைவரே. நன்றி சொல்லத்தான் திரும்புனோம். துண்டத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் உங்க நாற்காலியப் பாத்துத்தான் நிக்குறாங்க. அன்னிக்கு அந்தப் பாட்டக் கட்டுனது நான்தான். இத்தன வருஷமா அது என் தொண்டையில முள்ளாட்டம் நிக்குது."

"நீதான்னு தெரியும். நல்ல மெட்டு. எம் பொண்ணே வீட்டுல அடுப்படியில பாடுவா," என்றார் ஹெப்டன். சொன்னவர் முறுவலிக்கத்தான் முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார், மீண்டும் அணிந்தார். மழையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, அதுவும் வராமல், அவள் தோளுக்கு மேலாக அந்த இடுக்கை நோக்கினார். நோக்கியவர் விழிகள் திடுமென விரிந்தன.

"கோலு," என்றார் மெல்ல.

"என்ன?"

"நம்ம பின்கள ஆளு ஓவன் ஸ்லேட்டரு. மூலையில இருந்து வந்த பந்த தலையால முட்டிட்டான்."

"ஓவனா? அவன் பொறந்ததுல இருந்து கோல் போட்டதில்லையே."

"இப்ப போட்டுட்டான். நம்மாளு ஒருத்தன்கூடப் பாக்கல."

உண்மையே அது. கழகத்தைக் காத்த அந்த ஒரே இலக்கு விழுந்த வேளையில், ஸ்கெல்பி நகரத்தார் அனைவரும் வெற்று நாற்காலி ஒன்றை வணங்கி நின்றனர். அவர்களால் வசைபாடப்பட்ட கிழவர் ஒருவர் மட்டுமே அதனைக் கண்ணாரக் கண்டார். வீரர்கள் தமக்குள்ளே கட்டித்தழுவிக் குதிப்பதைப் பின்னரே உணர்ந்த மேடையில் சலசலப்பு எழத் தொடங்கியது. வாருங்கள், இருக்கைக்கு மீளுங்கள், உங்களைக் காணாமல் அவர்கள் ஆறமாட்டார்கள் என்று மார்ஜரி அவர் கையைப் பற்றிக் கெஞ்சினாள்.

"வேணாம்மா. இப்ப போய் உக்காந்தா, அவங்க கோலுக்குக் கத்துறது எனக்குத்தான்னு நான் மயங்கிடுவேன். ஜனங்களுக்கும் கோலுக்கும் நடுவுல ஒருத்தன் போய் நிக்கக் கூடாது. நீ வந்து சொன்னியே, அது போதும்."

அந்நேரம் செய்தி முழுதும் பரவ, மேடை வெடித்து ஆர்ப்பரித்தது. அவ்வொலி கேட்டதும், சிறுமியாய் இருந்த நாள்தொட்டுப் பழகிய பழக்கத்தால், மார்ஜரி தன்னையறியாமல் களத்தை நோக்கித் திரும்பிவிட்டாள். கண்ணிமைக்கும் நேரந்தான். மீண்டும் அவர்பக்கம் திரும்பியபோது, கால்வாய்க் கரைக்குச் செல்லும் சிறு வாயிற்கதவு ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஓடிச்சென்று பார்த்தபோது கரைச்சாலையின் திருப்பத்தில் ஒரு சீருந்தின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. வென்ற ஊரார் அன்று விடியும்வரை பாடினர். வென்றும் அழுதவள் அவள் ஒருத்தி.

அடுத்த குளிர்காலத்தில் கனடாவிலிருந்து அவர் மறைவுச்செய்தி வந்தது. அடுத்து நடந்த ஆட்டத்துக்கு முன், ஒரு மணித்துளி நேரம் அனைவரும் கைதட்ட வேண்டும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அதை எவரும் எவர்க்கும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வீரர்கள் நடுவட்டத்தில் தோள்கோத்து நின்றனர், எதிர்க்கழகத்தாரும் தட்டினர், பெர்சி அடுப்பைத் தணித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நின்றான். ஒருவரும் பிழை செய்யவில்லை, ஒருவரும் முந்தவுமில்லை பிந்தவுமில்லை.

இறந்தார்க்குச் சிறப்புச் செய்யும் முறை எல்லா ஊர்களிலும் செவ்வனே வகுக்கப்பட்டுள்ளது, நூல்நயம் தேர்வீர். இருப்பவர் முகம் பார்த்து ஒரு நல்ல சொல் சொல்வதற்கு மட்டும் நாம் முரசையும் மெட்டையும் நாளையும் நேரத்தையும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஹெப்டன் தம் கடையை மூடிவிட்டு நாள்தோறும் இதே தெருவில்தான் நடந்து போனார். நிறுத்தி இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். கைதட்டல் நடந்த அந்த மணித்துளியில் மார்ஜரி தன் முரசருகில் இல்லை. வடமுனைக் கொட்டகையின் பக்கத்தில், களத்துக்கு முதுகு காட்டி, முன்பு அவர் நின்றிருந்த ஈரச் சுவரை நோக்கி நின்று தட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டம் தொடங்கி ஆரவாரம் எழுந்தபின்னும் அவள் திரும்பவில்லை.