மாத்திரையை நோன்புக்கு விட்ட கதை

ஈஸ்டருக்கு முன்பான ஐம்பது நாள் நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் வாத்துக்கறி. சாப்பிட்டுக் கை கழுவியதும், நோன்புக்கு எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். இறைச்சி, மீன், முட்டை எல்லோருக்கும் பொது என்பதால் அவை கணக்கில் சேராது. அதற்கு மேலே ஒன்று வேண்டும்.

இந்தச் சபைக்குத் தலைமை அவராச்சன் பேரப்பன், என் அப்பாவின் அண்ணன். கூட்டுறவு சங்கத் தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் தார்மிக வெற்றி மட்டும் அடைந்தவர். இப்போது எங்கள் பங்குக் கோயிலின் கைக்காரர், அதாவது உண்டியல் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அது இடுப்பில் ஏறிய நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

"நான் பிராந்தியை விடறேன்" என்று கண்கலங்க அறிவித்தார். எங்கள் பக்கத்தில் பாலா முதல் ஈராற்றுப்பேட்டை வரை எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது. இருந்தாலும் வருஷா வருஷம் புதிதாகத்தான் கலங்குவார்.

டிவி விவாதம் பார்ப்பதை விடுகிறேன் என்றேன் நான்.

"அது தியாகமாடா தொம்மி? சுகம்!" என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "ஆன்சி மோளே, நீ அந்த மாத்திரையை விட்டுடு."

ஆன்சி கணக்கு டீச்சர். போன மழைக்காலத்தில் ஒரு காலை, பிரஷ்ஷில் பற்பசையை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள். அதன்பின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழவில்லை. கோட்டயத்து டாக்டர் சுமய்யா மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். முதல் சில வாரங்களில் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாது, அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. மெல்ல மெல்ல அவள் எழுந்தாள், குளித்தாள், பாடம் எடுத்தாள். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அந்தப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டால் தானும் கரையேறியதாக அர்த்தம் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"இப்பத்தான் சுகமாயிட்டே இல்லே?" என்றார் பேரப்பன். "நாங்கல்லாம் நாக்கை அடக்கறோம். நீ மனசை அடக்கு. அதுவல்லவா நோன்பு!"

சபை தலையாட்டியது. வாத்து தின்ற வாய்க்குத் தலையாட்டுவது சிரமமில்லை. ஆன்சிக்கும் உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது. மழை விட்ட பிறகும் குடை பிடித்து நடக்கிறோமோ என்று. "சரி பேரப்பா" என்றுவிட்டாள். மறுநாள் முதல் மாத்திரை இல்லை.

புதன்கிழமை அவளுக்குத் தலை சுற்றியது. "திரும்பினா மண்டைக்குள்ள சிர்ருனு கரண்டு அடிக்குது தொம்மிச்சா" என்றாள். வியாழனன்று ஒரு பையன் அடைப்புக்குறியை மூட மறந்ததற்காக வகுப்பிலேயே அழுதிருக்கிறாள். மாலையில் காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தேன்.

"சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கணும்போல இருக்கு" என்றாள்.

கையைப் பிடித்து இறக்கி உள்ளே கூட்டிப்போனேன்.

செய்தி கேட்டுப் பேரப்பன் வந்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்தபடியே தீர்ப்பும் சொன்னார்: "பார்த்தியா? நிறுத்தினா இப்படிப் பாடாப் படுத்துதுன்னா அது மருந்தா? போதை! உள்ள இருக்கிற விஷம் இறங்குது. பல்லைக் கடிச்சுக்கோ. நான் கடிக்கலையா?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து தசமூலாரிஷ்டம் என்ற, கொஞ்சம் சாராயச் சத்துள்ள கஷாயப் பாட்டிலை எடுத்து மூடியில் ஊற்றினார். கை நடுங்கியதில் கொஞ்சம் வேட்டிக்குப் போயிற்று. நோன்பின் முதல் வாரத்தில் அவர் கை அப்படித்தான். ஆன்சி அந்த மூடியையே பார்த்தாள்.

"இது எத்தனாவது மூடி பேரப்பா?"

"ஆயுர்வேதம் மோளே. ஜீரணத்துக்கு."

"வாத்து போய் நாலு நாளாச்சு. இப்ப பயறுதான் திங்கறீங்க, அதுக்கு என்ன ஜீரணம்? பிராந்தியை ஒரேயடியா விட்டா உடம்பு தாங்காதுன்னு அரிஷ்டத்தைப் பிடிச்சு இறங்கறீங்க. நீங்க தென்னையில கயிறு கட்டி இறங்குவீங்க. நான் மட்டும் உச்சியிலேர்ந்து கையை விடணுமா?"

பேரப்பன் மூடியைக் கையில் வைத்தபடி வேதவாக்கியம் ஒன்றைத் தேடினார். அரிஷ்டத்துக்குத் தோதான வாக்கியம் அவருக்குச் சட்டென்று அகப்படவில்லை.

ஆன்சி அதற்குள் டாக்டரை போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள். பேரப்பனின் மூடி, கை நடுக்கம் உட்பட நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேட்டீங்க டீச்சர்?"

"எங்க கைக்காரர்கிட்ட."

"அவர் எந்த டிபார்ட்மென்ட்?"

"உண்டியல்."

மறுமுனையில் சிரிப்பை விழுங்கும் ஓசை கேட்டது. பிறகு டாக்டரின் குரல் மாறியது. "சாகணும்கிற மாதிரி நினைப்பு ஏதாவது வருதா?"

நான் மேஜைப்பக்கம் நெருங்கினேன்.

"இல்லை டாக்டர். படுக்கணும்னு மட்டும்தான்."

"சரி. வந்தா அந்த நிமிஷமே கூப்பிடணும், நேரம் காலம் பார்க்கக்கூடாது. தொம்மிச்சன், உங்களுக்கும் சேர்த்துத்தான். இது போதை இல்லை டீச்சர். போதைன்னா இன்னும் வேணும், இன்னும் வேணும்னு அலைய வைக்கும். உங்க மூளை இந்த மருந்துக்குப் பழகியிருக்கு, வெடுக்குனு பிடுங்கினா தள்ளாடும். இன்னைக்கே பழைய அளவுல ஒண்ணு போடுங்க. விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துப் போட்டுடாதீங்க. தலை நிக்கறவரைக்கும் கார் வேண்டாம்."

"எப்பத்தான் நிறுத்தறது?"

"நல்லாயிட்ட பிறகும் ஆறு மாசமாவது போகட்டும். அப்புறம் நாம ரெண்டு பேருமா கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். நடுவுல வலி மாத்திரை, கஷாயம், எதுவானாலும் என்னைக் கேட்டுட்டு. குடி கூடாது, அரிஷ்டமும் அதுல சேர்த்திதான். ஆமா, யாருக்கோ கை நடுங்குதுன்னு சொன்னீங்களே? அவரும் ஒரு டாக்டரைப் பார்க்கணும். பழகின குடியைத் திடீர்னு விடறதும் ஆபத்துதான்."

பேரப்பன் மூடியைத் திருகிப் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். ஆனாலும் எழுந்து போகும்போது வாசலில் நின்று, "என்ன இருந்தாலும் நேர்ந்துக்கிட்டதை மீறறது பாவம்" என்று எறிந்துவிட்டுத்தான் போனார்.

அது ஆன்சிக்குத் தைத்தது. அன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நேராகப் போய் எங்கள் பங்குப் பாதிரியார் அச்சனிடம் கேட்டாள். அச்சன் சர்க்கரை நோயாளி. "நான் நோன்புக்கு இன்சுலினை விட்டா ஈஸ்டருக்கு முன்னாடியே உயிர்த்தெழ வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தகுதி இல்லை மோளே. போய் மருந்தைச் சாப்பிடு" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் மறுபடி கூடியது. கப்பைக்கிழங்கும் பயறும் தின்று முடித்த பிறகு ஆன்சி எல்லோரும் பார்க்க மாத்திரையைப் பிரித்தாள். பேரப்பன் தொண்டையைச் செருமினார். அது சொற்பொழிவுக்கு முந்தின செருமல்.

"பேரப்பா, அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளுங்க" என்றாள் ஆன்சி.

ஏதோ சொல்ல வந்தவர் ஜக்கைத் தள்ளினார். அவள் விழுங்கினாள்.

"அப்ப நோன்புக்கு எதைத்தான் விட்டே?" என்றார்.

"டீக்குச் சர்க்கரை. அதை விட டாக்டரைக் கேக்க வேண்டியதில்லை."

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பள்ளிக்கு நான் கொண்டுபோய் விட்டேன். புதன்கிழமை காலையில் அவள் முற்றத்தில் நின்று தலையை இடமும் வலமும் வேகமாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஓட்டறேன். இன்னும் முக்கோணவியல் பாக்கி கிடக்கு" என்றாள்.