ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீர்

சிங்கப்பூர் செல்லதுரையின் காலைப் பற்றிக் கீழ்வேளூரில் பேசாத வாய் இல்லை. சிங்கப்பூரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததும், தஞ்சாவூரில் தகடு வைத்ததும், தகடு வைத்த இடத்தில் சீழ் பிடித்ததும் பழைய செய்தி. புண் மூடவே இல்லை. எந்த மருந்துக்கும் சாகாத கிருமி என்று பரிசோதனையில் வந்தது. ஊசி போட்டுப் போட்டுக் கையில் நரம்பு அகப்படாமல் போனதுதான் மிச்சம். "முழங்காலுக்கு மேல எடுத்துடலாம்" என்றார் டாக்டர், வேலியோரக் கிளையைச் சொல்வதுபோல.

செல்லதுரைக்கு அந்தக் கால்தான் பாஸ்போர்ட். அது இருந்தால் மறுபடி சிங்கப்பூர். இல்லையென்றால் அவர் அப்பா கைகட்டி நின்ற பண்ணையார் வாசலைத் தாண்டி தினம் ரேஷன் கடைக்கு நொண்ட வேண்டும். "காலோட இருக்கணும் அம்சம். இல்லன்னா நான் இருக்க மாட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அம்சத்தின் அண்ணன் மகள் செம்மொழி ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். ரெண்டு மா நிலத்தை விற்று அனுப்பியதால், அவளுக்கு ஊரில் 'ரெண்டு மா டாக்டர்' என்று பெயர். அவள்தான் போனில் சொன்னாள்.

"அத்தை, இங்க கிருமியத் தின்னுற வைரஸ வச்சு வைத்தியம் பண்றாங்க. மனுசன ஒண்ணும் செய்யாது. ஆனா ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொண்ணு. மாமாவோட கிருமிக்குப் பொருந்துறது இங்க இல்ல. மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சிக்கூடம் தேடித் தரேங்குது. அதுக்கு உங்க ஊரு சாக்கடைத் தண்ணி வேணுமாம்."

"என்னடி வேணும்?"

"சாக்கடைத் தண்ணி அத்தை. கிருமி இருக்குற எடத்துலதான் அதத் தின்னுறதும் இருக்கும். மாமா புண்ணக் கழுவுற தண்ணி போய்ச் சேருதுல்ல, அங்க மொண்டு, ஐஸ் வச்சு பஸ்ஸுல போட்டு விடுங்க."

அம்சத்திடம் போயா இதைச் சொல்வது! கடைத்தெருவில் அவர்கள் மாடி வீடு கட்டிக் குடிவந்த அன்று, எதிர்வீட்டு ரெத்தினம் வந்து, வாழ்த்தி, நீட்டிய டீயை மட்டும் தொடாமல் போனாள். 'வயிறு சரியில்லை' என்றாள். ரெத்தினத்தின் வயிறு எதனால் சரியில்லை என்று அம்சத்துக்குத் தெரியாதா? அன்று முதல் அந்த வீட்டுத் தரை ப்ளீச்சிங் பவுடர் காணாத நாள் இல்லை. அப்படிப்பட்டவள் பட்டப்பகலில் தெருக்கோடிச் சாக்கடையில் குனிந்தாள்.

"என்ன அம்சம், கொலுசு விழுந்துடுச்சா?" ரெத்தினத்துக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ.

"ஆமாக்கா."

"கொலுசு கரைஞ்சா போச்சு, பாட்டில்ல மொள்ற?"

அம்சம் பாட்டிலைத் திருகி மூடிக்கொண்டு நடந்தாள். சாயங்காலத்துக்குள் ஊரில் பல கதை. செய்வினை எடுக்க என்றார்கள், புண்ணில் ஊற்ற என்றார்கள். "பழகின கை, எங்க போவும்?" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது அவள் காதுக்கும் வந்தது.

வீட்டில் பாட்டிலைத் திறந்து பார்த்தாள். குப்பென்று நாறியது. பார்சல் ஆபீஸ்காரன் மோந்து பார்ப்பான், யார் வீட்டுப் பார்சல் என்று கேட்பான். ஒரு ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டுக் குலுக்கினாள். நாற்றம் போயே போய்விட்டது. திருப்தியாக அனுப்பினாள். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்ப ஒருத்தி இருப்பாள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கனவா கண்டார்கள், வேண்டாமென்று முன்கூட்டிச் சொல்ல?

செம்மொழி மறுபடி பேச அதிக நாள் ஆகிவிட்டது. "அதுல உசுருள்ளது ஒண்ணுகூட இல்லையாம் அத்தை. சாக்கடையிலதானே மொண்டீங்க?"

அம்சத்தின் கண் ப்ளீச்சிங் பவுடர் டப்பாவுக்குப் போனது. "வேற மொண்டு அனுப்புறேன்" என்று வைத்துவிட்டாள். புருஷன் கேட்டபோது, "நம்ம சாக்கடையில அது இல்லையாம்" என்றாள். அன்றே போய் மொண்டாள். இந்தத் தடவை யார் பார்க்கிறார்கள் என்று திரும்பக்கூட இல்லை. நாறிய பாட்டிலை நாறியபடியே அனுப்பினாள்.

கிருமி அதுவரை காத்திருக்கவில்லை. குளிர்க் காய்ச்சல் வந்து, செல்லதுரைக்கு நினைவு தப்பியது. தஞ்சாவூரில், உயிரா காலா என்றார்கள். அம்சம் உயிர் என்றாள்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அந்த போன் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு பெண், குரலெல்லாம் சிரிப்பு.

"கிடைச்சிருச்சும்மா! ரெண்டாவது பாட்டில்ல. சார் கிருமியை அப்படியே தின்னுது. மொத பாட்டில் சரியா இருந்திருந்தா அப்பவே கிடைச்சிருக்கும். சாரை எப்ப அழைச்சிட்டு வரீங்க?"

கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"போன்ல யாரு, அம்சம்?"

"செம்மொழிங்க. ஒங்களக் கேக்குறா."

"நம்மூரு சாக்கடைக்குக்கூட நம்மளப் புடிக்கலன்னு சொல்லு."

சொல்லிவிட்டுச் செல்லதுரை சிரித்தார். கால் போன பிறகு முதல் சிரிப்பு. அதைக் கெடுக்க அம்சத்துக்கு வாய் வரவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். கையிலிருந்த போன் மட்டும், "ஹலோ, அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.